கொட்டாய்: மாடு போய் விருந்தாளி வந்த கூரை

உத்திரமேரூர் வட்டாரத்தில் கொட்டாய்க்குப் பஞ்சமில்லை. மாடு கட்டினால் மாட்டுக் கொட்டாய். கிணற்று மோட்டாரை வெயிலும் மழையும் அண்டாமல் காத்தால் மோட்டார் கொட்டாய். தென்னங்கீற்று வேய்ந்தால் கீத்துக் கொட்டாய். படம் ஓட்டினால் சினிமா கொட்டாய். எல்லாவற்றுக்கும் பொது, மேலே ஒரு கூரை. சுவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை முன்னால் ஒட்டும் சொல் சொல்லிவிடும். அந்த வரிசையில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பவர், வாரக் கடைசியில் சென்னையிலிருந்து வயல்காற்று வாங்க வரும் விருந்தாளி. அவருக்காக மாற்றிக் கட்டிய கொட்டாயின் பலகையில் மட்டும் அந்தப் பெயர் இருக்காது. ‘ஃபார்ம் ஸ்டே’ என்றோ ‘காட்டேஜ்’ என்றோ இருக்கும்.

கொட்டாய் என்பது கொட்டகையின் பேச்சு வடிவம். நடுவில் உள்ள ககரம் தேய்ந்து மறைந்தது. கொட்டகை எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், ‘கோஷ்டக’ என்ற வடசொல்லைக் காட்டுகிறது. கோ என்றால் பசு. கோஷ்டம் என்றால் பசு நிற்கும் இடம். மாடு கூடிய இடம் பிறகு மனிதர் கூடும் இடமாகி ‘கோஷ்டி’ பிறந்தது. காஞ்சிபுரத்து வரதர் முன் பிரபந்தம் சேவிப்பவர்களும் கோஷ்டிதான், நாளிதழில் மோதிக்கொள்பவர்களும் கோஷ்டிதான். இரண்டுக்கும் மூலம் தொழுவம்.

பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி வேறு வழியில் போகிறது. தமிழில் கொட்டகை, கொட்டில், கொட்டம்; மலையாளத்தில் கொட்டில்; கன்னடத்தில் கொட்டிகெ; தெலுங்கில் கொட்டமு. இத்தனையும் ஒரே குடும்பமாக அதில் அடுக்கப்பட்டுள்ளன. கடன் வாங்கிய ஒரு சொல் இத்தனை மொழிகளில் இத்தனை கிளை விட்டிருக்குமா என்ற கேள்விக்கு இடமிருக்கிறது. இரு மரபுகளும் ஒன்றையொன்று தொட்டு வளர்ந்திருக்கவும் கூடும். ஆங்கில ‘காட்டேஜ்’ மட்டும் இந்த உறவில் சேராது. அது ‘காட்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வளர்ந்தது. நம் கொட்டகையோடு ஓசை ஒத்துப்போனது தற்செயல்.

சொல்லின் பழமைக்கு இந்தத் தொண்டை நாட்டிலேயே சான்று உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், பாணன் செல்லும் வழியிலுள்ள முல்லை நிலத்து ஊரில் ஒரு கொட்டில் வருகிறது. வண்டிச் சக்கரத்தையும் கலப்பையையும் சாத்திச் சாத்திச் சுவர் தேய்ந்துபோயிருக்கிறது, புகை சூழ்ந்திருக்கிறது. அந்தக் கொட்டில் இன்றும் அடையாளம் தெரியும். மழைக்காலத்தில் கொசுவுக்காக மாட்டுக் கொட்டாயில் நொச்சியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவார்கள். கலப்பை இருந்த மூலையில் இப்போது மருந்து தெளிக்கும் கருவி சாய்ந்திருக்கும்.

இந்தக் குடும்பத்தில் உயர்ந்த இடத்துக்குப் போன உறுப்பினர் கோட்டம். அகராதியில் அதற்குப் பசுக்கொட்டில் என்றும் பொருள், கோயில் என்றும் பொருள், நாட்டுப் பிரிவு என்றும் பொருள். தொண்டை மண்டலம் 24 கோட்டங்களாகப் பிரிந்திருந்தது. கால்நடை வளர்ப்போர் வாழ்ந்த நிலத்தில் மந்தை அடைத்த இடமே நிர்வாக எல்லைக்குப் பெயராயிற்று என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்தைக் கல்வெட்டுகள் காலியூர்க் கோட்டத்து ஊராகக் குறிக்கின்றன. வருவாய்க் கோட்டம் என்று இன்று அலுவலகப் பலகையில் எழுதுவது அந்தப் பழைய வழக்கின் தொடர்ச்சி.

தானியப் பக்கத்திலும் இதுபோல ஏற்றம் உண்டு. கொட்டாரம் என்பதை லெக்சிகன் ‘கோஷ்டாகார’ என்பதோடு இணைக்கிறது, பொருள், களஞ்சியம். திருவரங்கம் கோயிலில் நெல் கொட்டிவைத்த பெரிய குதிர்கள் உள்ள இடத்துக்குக் கொட்டாரம் என்றே பெயர். அதே சொல் மலையாளத்தில் அரண்மனை. களஞ்சியத்தை வீடாக்குவதை மேலைநாட்டார் புதுமை என்று கொண்டாடுகிறார்கள்; மலையாளிகள் சொல்லளவிலேனும் அதை அரசன் குடியிருப்பாகவே ஆக்கிவிட்டார்கள்.

கொட்டாய்க்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. காரணம் உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே தெரிகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியானவர் யார் என்று சபை வகுத்தபோது, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலத்தோடு, சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும் என்றும் கேட்டது. மனையும் வீடும் ஊரில் ஒருவருக்கு நிற்க இடம் தந்தன. கொட்டாய் வேலைக்காகப் போடுவது. கால் நட்டு, வாரை கட்டி, ஓலை வேய்ந்தால் முடிந்தது. வேலை தீர்ந்தால் பிரித்துவிடலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தில் போட்ட கொட்டாயிலேயே குடும்பம் தங்கி, அது சிற்றூராகி, பெயர்க்கடைசியில் ‘கொட்டாய்’ நிலைத்த இடங்கள் பல. அங்கேகூட அது ஊரை விட்டுத் தள்ளிக் குடியேறியவர்களின் பெயர்தான்.

பிரித்துப் போடக்கூடியது என்பதாலேயே அது கலைக்கும் உதவியது. நாடகக் கொட்டகை ஊர் ஊராய் நகர்ந்தது. 1905இல் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கிக் கூடாரத்தோடு கிளம்பியதிலிருந்து டென்ட்டுக் கொட்டாயின் காலம் தொடங்கிற்று. பின்னாளில் கல்லால் கட்டிய அரங்கையும் கிராமத்தார் சினிமா கொட்டாய் என்றே சொன்னார்கள். கூரை மாறியும் பெயர் மாறவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு, பள்ளிகளில் கீற்றுக் கூரை நீக்கப்பட்டது. கீத்துக் கொட்டாய் என்றாலே ஆபத்து என்ற எண்ணம் அன்று ஊன்றியது.

உழவுமாடு போய் டிராக்டர் வந்ததும் மாட்டுக் கொட்டாய்கள் காலியாயின. செய்யாற்றங்கரையில் அப்படி ஒன்றைத் தரை பூசி, தகரமோ ஓடோ போட்டு, கழிப்பறை சேர்த்தால் சென்னைக்காரருக்கு இரண்டு நாள் நிம்மதி. சவ்வாது மலையில் பிறந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும் செய்யாறு, வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு சில மாதம்தான் நீர் காட்டும். மற்ற நாளில் மணல்தான். வேடந்தாங்கலுக்குப் பறவை வரும் பருவமும் அதுவே. விருந்தாளி வர ஏற்ற காலத்தை ஆறே சொல்லிவிடுகிறது.

அப்படி மாற்றிய கொட்டாய்க்கு என்ன பெயர் வைப்பது? ‘ஆத்தங்கரைக் கொட்டாய்’ என்று எழுதலாம் என்பேன், ஒரு நிபந்தனையோடு. ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும்; காற்றும் வைக்கோல் வாசமும் கேட்காமல் உள்ளே வர வேண்டும். நான்கு பக்கமும் சுவர் எழுப்பி ஏசி மாட்டிவிட்டால் அதற்கு அறை என்ற சொல் இருக்கிறது; அதையே எழுதி, அறைக்குரிய வாடகையையே வாங்கட்டும்.