கண்ணிக் குறைப்பும் ஆட்குறைப்பும்: பின்னல் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

நெசவுக்கு நம்மிடம் வரலாறு உண்டு. சாதி உண்டு, தறிக்கு வரி உண்டு, கல்வெட்டு உண்டு. பின்னலுக்கு இதில் எதுவும் கிடையாது. ஊசிப் பின்னலைப் 'பொம்பளைங்க பொழுதுபோக்கு' என்று ஒதுக்கியாயிற்று. திருப்பூர் பனியன் என்றால் உடனே அந்நியச் செலாவணிக் கணக்குக்குப் போய்விடுகிறோம். ஒரு கண்ணி எப்படி விழுகிறது, அதை யார் எண்ணுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தொழிலாளர் வரலாற்றின் பெரும் சண்டைகளில் ஒன்று இந்த எண்ணிக்கையின் மீதுதான் நடந்தது என்பது என் வாதம். அதைப் பேச ஒரு குல்லா போதும்.

கம்பளிக் குல்லாவுக்கு அடிப்படை இரண்டே நுட்பங்கள். விளிம்பில் 'ரிப்', உச்சியில் கண்ணிக் குறைப்பு. ரிப் என்பது இரண்டு கண்ணியை முன்பக்கமாகவும் அடுத்த இரண்டைப் பின்பக்கமாகவும் மாற்றி மாற்றிப் பின்னுவது. வரப்பும் வாய்க்காலுமாகத் துணி சுருங்கி நிற்கும். இழுத்தால் விரியும், விட்டால் தலையைப் பிடித்துக்கொள்ளும். ரப்பரும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். 96 கண்ணியில் தொடங்கினோம் என்றால், உச்சிக்கு வரும்போது வட்டத்தை எட்டுப் பங்காக்க வேண்டும், பங்குக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு பங்கின் முடிவிலும் இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னினால் 96 என்பது 88 ஆகும், அடுத்து 80. இப்படிப் பதினோரு குறைப்புச் சுற்று முடிந்தால் மிஞ்சுவது எட்டு. நூலை அதற்குள் கோத்து இழுத்தால் உச்சி மூடிக்கொள்ளும்.

இதை நான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சுற்றுக்குச் சுற்று குறைத்தால் உச்சி தட்டையாகிறது. மூன்று சுற்று விட்டுவிட்டுக் குறைத்தால் கூம்பாக நீள்கிறது. ரிப்பையே உச்சிவரை கொண்டுபோக வேண்டுமென்றால் குறைப்பை வாய்க்காலுக்குள் ஒளித்துவைக்க வேண்டும்; வரப்பில் குறைத்தால் கோடு உடைந்துபோகும். இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை என்பது. வடிவம் துணியிலிருந்து வெட்டி எடுக்கப்படுவதில்லை, துணியோடு கூடவே பிறக்கிறது. பின்னுகிறவரின் எண்ணிக்கைதான் வடிவம்.

அதிகாரம் இந்தக் குல்லாவைச் சும்மா விட்டுவைக்கவில்லை. நம்மூரில் 'குல்லா போடுவது' என்றால் காக்கா பிடிப்பது. இங்கிலாந்திலோ அரசே சட்டம் போட்டுக் குல்லா போட வைத்தது. 1571ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் உள்நாட்டில் பின்னிய கம்பளிக் குல்லா அணிந்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம். பிரபுக்களுக்கோ விலக்கு! தொழிலைக் காப்பாற்றுவது என்ற பெயரில் உடல்களைத் தரம் பிரித்த சட்டம் அது. 1597இல் ரத்தானது.

இதற்கிடையே 1589இல் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டத்தறியை உருவாக்கினார். 1758-59இல் ஜெடடையா ஸ்ட்ரட் அதில் இன்னொரு வரிசை ஊசிகளைச் சேர்த்து ரிப்பையும் எந்திரத்துக்குள் கொண்டுவந்தார். கண்ணிக் குறைப்பு மட்டும் தொழிலாளியின் கையிலேயே தங்கியது. ஓரத்துக் கண்ணிகளை எடுத்து உள்பக்க ஊசிக்கு மாற்றி மாற்றித்தான் அவர் கணுக்காலின் வடிவத்தைக் கொண்டுவந்தார். முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. அகலத் தறியில் தட்டையாகத் துணி போட்டு, கத்தரித்து, தைத்துச் சந்தையில் இறக்கினார்கள். தொழில் பழகாத ஆட்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தினார்கள். தையல் சீக்கிரம் பிரிந்தது. கூலி அதைவிடச் சீக்கிரம் சரிந்தது.

1811இல் வெடித்த லுட்டைட் கலகத்தின் பின்னணி இதுதான். 'எந்திரத்தைக் கண்டு மிரண்ட முட்டாள்கள்' என்று இன்றும் ஏசுகிறோமே, அவர்கள் கண்ட எந்திரத்தையெல்லாம் உடைக்கவில்லை. வெட்டுத்துணி போட்ட தறிகளையும் கூலியைக் குறைத்தவர்களின் தறிகளையும் பார்த்துப் பார்த்து உடைத்தார்கள். ஒப்புக்கொண்ட கூலி கொடுத்தவரின் தறியைத் தொடாமல் போனார்கள். 1812இல் தறி உடைப்புக்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் அதை எதிர்த்துப் பேசியும் பயனில்லை. 1864இல் வில்லியம் காட்டன் உரிமம் பெற்ற எந்திரம் கண்ணிக் குறைப்பையும் தானே செய்தது. வெட்டாமல் வடிவமைப்பது என்ற தொழிலாளியின் அறம் எந்திரத்தின் அம்சமாகிப்போனது.

திருப்பூர் வளர்ந்தது கத்தரிக்கோலின் வழியில். வட்டப் பின்னல் எந்திரம் குழாய்குழாயாகத் துணியைத் தள்ளும். பிறகு கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங். கழுத்துப் பட்டைக்கு மட்டும் ரிப். வேலை துண்டாகும்போது ஆளும் துண்டாகிறார். பஞ்சப்படிக்காக 1984இல் 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் அது. அடுத்து வந்த ஏற்றுமதிப் பெருக்கத்தில் பெண்கள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். ஆனால் கட்டிங் மேசை பெரும்பாலும் ஆண்களிடமே இருந்தது. கைமடிப்பும் பிசிறு வெட்டுவதும் பெண்களுக்கு.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பாதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகப் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது கையில் இரண்டு பின்னல் பொருட்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட், அதாவது கத்தரிக்கோல் கழித்துப்போட்டது. இன்னொன்று, மணிக்கட்டில் பட்டை வைத்த நூல் கிளவுஸ். அதில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. 1970இல் ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் தையலற்ற கையுறை எந்திரத்தைக் கொண்டுவந்தது. கையுறையில் தொடங்கிய அதே வழியில் 1995இல் முழு ஆடையையே தையலில்லாமல் பின்னும் எந்திரத்தையும் காட்டியது. லுட்டைட்டுகள் காக்க நினைத்த நுட்பம் இப்போது தையல்காரரையே வேண்டாம் என்கிறது. கிளவுஸ் கிழிந்ததைக் காட்டினால்தான் எங்களுக்குப் புது ஜோடி. அதற்கும் ஒரு நோட்டு, ஒரு கையெழுத்து. எண்ணிக்கை எங்கள் கையை விட்டு அந்த நோட்டுக்குப் போயிருந்தது.

ஆக, நுட்பம் தன்னளவில் யார் பக்கமும் இல்லை. வெட்டுவதும் சுரண்டும், வெட்டாமல் பின்னுவதும் சுரண்டும். 'ரோபோ வேண்டுமா, வேண்டாமா?' என்று நம் கூட்டங்களில் முட்டிக்கொள்வதைவிட, எண்ணுவது யார் என்று கேட்பது பயன் தரும். பின்னலில் குறைப்பு என்றால் ஒரு கண்ணி இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது. எதுவும் கீழே விடப்படுவதில்லை. தவறி நழுவிய ஒரு கண்ணி ஏணிப்படியாக அடிவரை அவிழ்ந்துகொண்டே போகும். 2006இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த துணை ஆலைத் தொழிலாளிகள்வரை அவிழ்ந்ததைப் பார்த்தோம். அதையும் 'குறைப்பு' என்றுதான் எழுதினார்கள்.

லைன் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ், எத்தனை ஆள் என்பதைத் தொழிலாளி எண்ணிச் சொல்லும் உரிமை நம் கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? சம்பளம், போனஸ், கேன்டீன் எல்லாம் வேண்டியதுதான். இதை முதலில் எழுதலாமா என்பதை விவாதிப்போம்.