தொழில்முறை மல்யுத்தம்: புனைவும் நிஜமும்

தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி மேடை ஏறும் முன்பே முடிவாகியிருக்கும். பகை, துரோகம், பழிவாங்கல் எல்லாம் எழுதிவைத்த கதை. விழுகிற உடம்பு மட்டும் மெய். கதையை நிஜமென்றே நம்பவைத்து, மேடைக்கு வெளியிலும் வேடம் கலையாமல் காப்பதைத் தொழிலில் உள்ளவர்கள் ‘கேஃபேப்’ என்பார்கள்; பேசிவைத்ததை மீறி நிஜமாக மோதுவது ‘ஷூட்’.

அகாடா என்ற பயிற்சிக் களங்களில் வளர்ந்த நம் குஸ்தி வேறு மரபு; அங்கே மோதல் நிஜம். 1910 செப்டம்பரில் லண்டனில் இந்தியாவின் காமா பயில்வானும் போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மோதியும் முடிவு கிட்டவில்லை. ஸ்பிஸ்கோ பெரும்பாலான நேரம் தரையோடு ஒட்டிக் கிடந்தார். நிஜ மல்யுத்தம் இப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து வந்தவர்களைச் சலிக்கவைக்கும். 1920-களில் அமெரிக்க அமைப்பாளர்கள் ஆட்டத்தைச் சுருக்கி, விறுவிறுப்பேற்றி, முடிவையும் தாங்களே வகுத்தார்கள். 1925-இல் இதே ஸ்பிஸ்கோ, தோற்பதாக ஒப்புக்கொண்டு மேடையேறி, சாம்பியன் வேய்ன் மன்னை நிஜமாகவே வீழ்த்தினார். அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்த மன்னுக்கு அதைத் தடுக்கும் வித்தை தெரியாது. 1928-இல் பாட்டியாலாவில் காமா ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவைச் சாய்த்தார்.

நம் பக்கத்தில் இந்தக் கலையை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தவர் தாராசிங். 1928-இல் பஞ்சாபில் பிறந்து, 1940-களின் இறுதியில் சிங்கப்பூர் போய் ஆலையில் வேலை பார்த்தபடி, கிரேட் வேர்ல்ட் கேளிக்கை அரங்கில் பயின்றார். அவருக்கு எதிராளியாக வாய்த்தவர் ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா, மேடைப் பெயர் கிங்காங். மலைபோன்ற உடம்பும் முரட்டுத் தோற்றமும் கொண்ட அவர் வில்லன். கட்டுமஸ்தான தாராசிங் நாயகன். 1968-இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று தாராசிங் உலகச் சாம்பியன் ஆனார். தோல்வியே காணாதவர் என்ற புகழ், கதைக்குத் தேவைப்பட்ட புகழ். ஆனால் அவர் கற்ற குஸ்தி பொய்யல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புனைவுக்கும் நிஜத்துக்கும் இடையிலான கோடு கொடூரமாக அழிந்தது 1976 டிசம்பர் 12 அன்று கராச்சியில். ஜப்பானின் அன்டோனியோ இனோகி காட்சி ஆட்டம் என்று எண்ணி வந்தார். காமாவின் குடும்பத்தைச் சேர்ந்த அக்ரம் பயில்வான் நிஜச் சண்டை என்று நின்றார். மூன்றாம் சுற்றில் அக்ரமின் கை முறுக்கப்பட்டு ஆட்டம் நின்றது. ஒருவர் நாடகத்துக்கும் மற்றவர் போருக்கும் வந்தால் காயமே முடிவு.

1989-இல் அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனம், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, தன் போட்டிகள் வெறும் கேளிக்கை என்று நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டது. கூட்டம் கலைந்துவிடவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தாருக்கு இது வியப்பாக இராது. திரௌபதியம்மன் திருவிழாவின் படுகளத்தில், கிடந்த கோலத்தில் மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் பீமன் வேடக்காரர் அடிப்பதும் திரௌபதி கூந்தல் முடிவதும் எல்லோருக்கும் தெரிந்த முடிவுதான். தெரிந்தே வருகிறார்கள், தெரிந்தே அழுகிறார்கள். பார்வையாளரும் உடன்பட்ட புனைவு ஏமாற்று ஆகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

உடன்பாடு இல்லாதபோதுதான் சிக்கல். 1997 நவம்பரில் மான்ட்ரியலில், பேசிய முடிவை மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டுக்குத் தெரியாமல் மாற்றி, டபிள்யூ.டபிள்யூ.எஃப் தலைவர் வின்ஸ் மக்மான் மணியடிக்கச் செய்தார். அந்த நிஜத் துரோகமே பிறகு மக்மானின் வில்லன் வேடத்துக்கு மூலதனமானது. 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டி அரங்கில், பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து இறங்கும் காட்சியில் கீழே விழுந்து இறந்தார். இது ஆட்டத்தின் பகுதியல்ல என்று வர்ணனையாளர் தொலைக்காட்சியில் சொல்ல நேர்ந்தது. நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை.

இந்தியாவில் 2016 பிப்ரவரி 24 அன்று உத்தராகண்டின் ஹல்த்வானியில் ‘கிரேட் காளி’ என்ற தலீப் சிங் ராணா நாற்காலியடி பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாளேடுகள் அதைப் படுகாயச் செய்தியாகவே வெளியிட்டன. நான்கு நாள் கழித்து டேராடூனில் தலையில் கட்டுடன் வந்து அவர் பழிதீர்த்து வென்றார். காயத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு கதை என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சீட்டு வாங்காமல் செய்தி மட்டும் படித்துக் கலங்கியவர்கள் அந்த ஆட்டத்துக்கு எப்போதுமே உடன்பட்டிருக்கவில்லை.