தாரா ஷுக்கோவும் மொகலாய அரசுரிமையும்

ஷாஜகானின் மூத்த மைந்தன் தாரா ஷுக்கோவை (1615–1659) சமரசத்தின் வடிவமாகவும், அவனை வீழ்த்திய இளவல் ஔரங்கசீப்பை மதவெறியின் வடிவமாகவும் காட்டுவது வரலாற்றாசிரியர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. காசிப் பண்டிதரின் துணையுடன் ஐம்பது உபநிடதங்களைத் தாரா பாரசீகத்திற் பெயர்த்து 1657 இல் நிறைவுசெய்தான் என்பது உண்மையே. ஆயின் அரசுரிமைப் போரை இரு கருத்துகளின் மோதலாகக் கொள்வது கருத்துமுதல்வாதமேயாகும்.

மொகலாயரிடையே மூத்தவனுக்கே முடி என்ற விதி இருந்ததில்லை. ஷாஜகானே உடன்பிறந்தானைக் கொல்வித்து 1628 இல் அரியணை ஏறியவன். அவன் தாராவை அரசவையில் தன்னருகே வைத்துப் பட்டங்களும் வருவாய் நிலங்களும் வாரி வழங்கினான். (தத்துவ நூல்கள் எழுந்ததும் அவ்வருவாயின் நிழலிலேதான்.) தம்பியரோ வங்காளம், குஜராத், தக்கணம் ஆகிய மாகாணங்களிற் படையும் ஆதரவும் திரட்டினர். உழவரின் விளைச்சலிற் பெரும்பங்கை நிலவரியாகப் பெற்று வாழ்ந்த மன்சப்தார்களுக்கு இளவரசனின் தத்துவம் பொருட்டன்று. எவன் வென்றால் தமது ஜாகீர் நிலைக்கும் என்பதே வினா. அதார் அலியின் ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது: சாமுகர்ப் போர்வரை, ஆயிரமும் அதற்கு மேலும் தரம்பெற்ற பிரபுக்களுள் தாராவின் பக்கம் நின்ற இந்துக்கள் 24 பேர், ஔரங்கசீப்பின் பக்கம் நின்றோர் 21 பேர்.

1658 இல் சாமுகரில் தாரா தோற்றான். அவன் அணியிலிருந்த ஆம்பேர் மன்னன் ஜெய்சிங் வென்றவனைச் சேர்ந்து, மறு ஆண்டு அவனையே துரத்திச் சென்றான். பிடிபட்ட தாரா தில்லித் தெருக்களில் யானைமீது கொண்டுசெல்லப்பட்டபோது மக்கள் அழுது புலம்பினர் என்றும், எவரும் வாளுருவத் துணியவில்லை என்றும் நேரிற்கண்ட பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் எழுதினார். வாளுடைய பிரபுக்களுட் பலர் அதற்கு முன்பே புதிய பாதுஷாவிடம் மன்சப் பெற்றிருந்தனர்.