கார் ஸ்க்ரீன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறதா? மாற்றும் முன் 'எப்போது' என்று பாருங்கள்

ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, நடுவில் அத்திபெலே. இந்த வழியில் தினமும் கார் ஓட்டுபவர்களுக்கு டாஷ்போர்டில் இருக்கும் தொடுதிரை வெறும் பாட்டுப் பெட்டி இல்லை. மேப், ஃபோன் அழைப்பு, ரிவர்ஸ் கேமரா, சில மாடல்களில் ஏசி கட்டுப்பாடு என எல்லாமே அதில்தான். அது திடீரென்று அணைந்து, தானாகவே மறுபடி உயிர் பெற்றால் எரிச்சல் ஒரு பக்கம். ரிவர்ஸ் எடுக்கும் நேரத்தில் அணைந்தால் அது பாதுகாப்புப் பிரச்னை.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அங்கே ஸ்க்ரீன் அணையாது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் மொத்த யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள். ஆனால் கோளாறு பல நேரங்களில் ஸ்க்ரீனில் இருப்பதில்லை, அதற்கு வரும் மின்சாரத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "ஏன் அணைகிறது?" அல்ல, "எப்போது அணைகிறது?"

முதலில், உண்மையிலேயே அணைகிறதா?

ஸ்க்ரீன் கறுப்பாகி, பிறகு கார் நிறுவனத்தின் லோகோ வருகிறது என்றால் யூனிட் முழுவதும் ரீஸ்டார்ட் ஆகிறது. மேப் மட்டும் மறைந்து ஹோம் பக்கம் வந்தால் யூனிட் நன்றாகத்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்ப்ளே இணைப்புதான் அறுந்திருக்கிறது. அப்போது சந்தேகப்பட வேண்டியது ஃபோன், யுஎஸ்பி கேபிள், சார்ஜிங் போர்ட்டில் சேர்ந்த தூசு. வேறு கேபிள், வேறு ஃபோன் போட்டுப் பாருங்கள்.

ஸ்க்ரீன் கறுப்பாகியும் பாட்டு தொடர்ந்து ஒலித்தால் டிஸ்ப்ளே அல்லது அதற்குப் போகும் ஒயர் பக்கம் பாருங்கள். இன்ஜினை அணைத்த சில நிமிடங்களில் ஸ்க்ரீன் போவது கோளாறே இல்லை. பேட்டரியைக் காப்பாற்ற கார் செய்கிற வேலை அது.

எப்போது அணைகிறது? காரணம் எங்கே?

செல்ஃப் அடிக்கும்போது: ஒரு நொடி அணைந்து வருவது பல கார்களில் இயல்பு. ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த நேரத்தில் பெரிய அளவு மின்சாரத்தை இழுக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் லோகோவிலிருந்து ஆரம்பித்தால் பேட்டரியைச் சோதியுங்கள். சில மணி நேரம் நின்ற காரில், நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

நெரிசலில் நிற்கும்போது: சந்தாபுரா, ஓசூர் ரோடு சிக்னல்களில் கார் ஐட்லிங்கில் நிற்கிறது. ஏசி, ஹெட்லைட், சார்ஜர் எல்லாம் ஓடுகின்றன. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்நேட்டர் தரும் மின்சாரமும் குறைவு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் இந்த அளவைக் கணினியே ஏற்றி இறக்கும். எனவே ஒருமுறை அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

ஸ்பீட் பிரேக்கரில், பள்ளத்தில்: இது கிட்டத்தட்ட நேரடி வாக்குமூலம். எங்கோ ஒரு இணைப்பு லூஸ். பேட்டரி டெர்மினல், ஃபியூஸ் உட்காரும் இடம், ஸ்க்ரீனுக்குப் பின்னால் இருக்கும் கப்ளர், எர்த் ஒயர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். இதில் அதிகம் மறக்கப்படுவது எர்த்தான். துரு அல்லது பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

வெயிலில், நீண்ட ஓட்டத்தில்: பெங்களூருக்குள் பிரச்னையே இல்லை, வார இறுதியில் சேலம் வரை போனால் மட்டும் அணைகிறது என்றால் சூடு காரணமாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ப்ராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். வெளியில் வாங்கிப் பொருத்திய யூனிட்டுகளில், பின்பக்கம் ஒயர்களைத் திணித்து வைத்து காற்றோட்டத்தை அடைத்திருப்பார்கள்.

சத்தம் கூட்டும்போது: ஆம்ப்ளிஃபையர் இழுக்கும் மின்சாரத்துக்கு ஒயர் போதாமல் இருக்கலாம். அல்லது ஸ்பீக்கர் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது.

மின்சார கார் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பல மின்சார கார்களில் பெரிய பேட்டரி தவிர, தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. ஸ்க்ரீன் அதை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் ஆரஞ்சு நிற ஒயர்கள் பக்கம் கை வைக்கவே கூடாது. அவை உயர் மின்னழுத்த ஒயர்கள்.

5 நாள் குறிப்பு

தினமும் ஒரே பாதையில் அலுவலகம் போவது இங்கே உங்களுக்குச் சாதகம். அதுவே ஒரு சோதனை ஓட்டம். முதல் 2 நாள் வழக்கம்போல. 3-வது நாள் ஃபோன் கேபிளைக் கழற்றிவிட்டு எஃப்எம் மட்டும். 4-வது நாள் பென்டிரைவ், டேஷ்கேம், கூடுதல் சார்ஜர் எதுவும் இல்லாமல். 5-வது நாள் மறுபடி எல்லாம் சேர்த்து.

வண்டியை நிறுத்திய பிறகு ஃபோனில் நாலே விஷயம் எழுதுங்கள்: கிளம்பி எத்தனை நிமிடத்தில் அணைந்தது, அப்போது கார் நின்றதா ஓடியதா, வெயில் எப்படி, என்னென்ன இணைத்திருந்தது. பாதுகாப்பாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரை ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். "அடிக்கடி ஆஃப் ஆகுது" என்பதை விட "5 நாளில் 6 தடவை, எல்லாம் ஸ்பீட் பிரேக்கரில்" என்பது மெக்கானிக்கிடம் வேலை செய்யும்.

சாஃப்ட்வேர் காரணமாக இருக்க முடியாதா?

தாராளமாக முடியும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், 94.9 வானொலியைக் கேட்ட சில மாஸ்டா கார்களின் ஸ்க்ரீன்கள் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. 2014 முதல் 2017 வரையிலான மாடல்கள் அவை. நிலையம் அனுப்பிய படக் கோப்புகளின் பெயரில், அது எந்த வகைக் கோப்பு என்று சொல்லும் கடைசிப் பகுதி இல்லை. அவ்வளவுதான் காரணம்.

2021-ல் டெஸ்லா சுமார் 1.35 லட்சம் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் இருந்த 8 ஜிபி நினைவகச் சில்லு, எழுதி எழுதியே தேய்ந்து, ஸ்க்ரீன் செயலிழந்தது. ரிவர்ஸ் கேமரா தெரியாமல் போகும் என்பதால்தான் அமெரிக்க அரசு அதைப் பாதுகாப்புக் குறைபாடாகப் பார்த்தது.

உங்கள் காரிலும் லோகோ வந்து வந்து போனால், பென்டிரைவையும் மேப் கார்டையும் முதலில் கழற்றுங்கள். அடுத்து கையேட்டில் சொன்ன முறையில் ரீசெட். பிறகு சாஃப்ட்வேர் அப்டேட். அப்டேட் நடக்கும்போது இன்ஜினை அணைக்காதீர்கள் என்று கார் சொன்னால், கேளுங்கள்.

செய்யக் கூடாதவை

ஃபியூஸ் போகிறது என்று அதைவிடப் பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடாதீர்கள். ஃபியூஸ் உருக வேண்டிய இடத்தில் ஒயர் உருகும், தீப்பிடிக்கும். வாரண்டி உள்ள காரில் ஒயரை வெட்டி ஒட்டவும் விடாதீர்கள். பெங்களூரு ஜே.சி. ரோடு ஆனாலும், சென்னை ஜி.பி. ரோடு ஆனாலும், கம்பெனி கப்ளரிலேயே செருகும் வகையில் பொருத்திக் கொடுக்கக் கேளுங்கள். வெட்டிய ஒயரைக் காட்டியே வாரண்டியை மறுக்க நிறுவனத்துக்கு வாய்ப்பு கிடைக்கும்.

வாங்கியது தமிழ்நாட்டில், வசிப்பது கர்நாடகாவில்: புகார் எங்கே?

அத்திபெலேவாசிகளுக்கு இது நிஜமான கேள்வி. கார் ஓசூரில் வாங்கியிருப்பீர்கள், வீடு பெங்களூரு நகர மாவட்டத்தில். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 34-வது பிரிவு, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு போட அனுமதிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்து பார்க்கலாம்.

இதெல்லாம் நிற்பது காகிதத்தின் மேல். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் "ஸ்க்ரீன் தானாக அணைகிறது" என்ற வரி ஜாப் கார்டில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். "வாயில சொல்லிட்டேன்" என்பது வாரண்டி முடிந்த மறுநாள் எதற்கும் உதவாது. 5 நாள் குறிப்பையும் அதோடு இணைத்துக் கொடுத்தால், யூனிட்டை மாற்றச் சொல்பவர் முதலில் எர்த் ஒயரைப் பார்த்தாக வேண்டியிருக்கும்.