மைத்திரி தியானமும் ஒரு அகதி முகாமும்

எங்களுக்குச் சித்திரை வருடம் பிறக்கிற அதே நாட்களில்தான் கம்போடியாவிலும் புதுவருடம் பிறக்கிறது. மூன்று நாள் கொண்டாட்டம். விகாரைக்குப் போவார்கள், முற்றத்தில் மணலைக் குவித்துச் சிறு குன்றுகள் செய்வார்கள், வயதானவர்களுக்கு நீர் வார்த்து ஆசி வாங்குவார்கள். 1975ஆம் ஆண்டுப் புதுவருடம் முடிந்த கையோடு, ஏப்ரல் 17ஆம் திகதி, கெமர் ரூஜ் படை தலைநகரான நொம்பென்னுக்குள் நுழைந்தது. அன்றைக்கே நகரத்துச் சனம் முழுவதையும் ரோட்டில் இறக்கி நாட்டுப்புறங்களுக்கு விரட்டத் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளையும் விடவில்லை. கதவைப் பூட்ட நேரமில்லாமல் ஓடுவது என்றால் என்னவென்று இந்த மலரை வாசிக்கிற ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள் அந்த ஆட்சி நடந்தது. பட்டினி, நோய், அடிமை வேலை, கொலை எல்லாமாகச் சுமார் 17 இலட்சம் பேர் இறந்தார்கள். நாட்டின் சனத்தொகையில் இது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பிக்குகளின் காவியைக் கழற்றி வயலில் இறக்கினார்கள். விகாரைகள் களஞ்சியமாகவும் சிறையாகவும் மாறின. 1979 சனவரியில் அந்த ஆட்சி விழுந்தபோது, காவியோடு ஒரு பிக்குவைக் காண்பதே அந்த நாட்டில் அருமையாகியிருந்தது.

பிக்கு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கட சனத்தில் பலருக்கு முகம் சுருங்கும். அதில் பிழையில்லை. பண்டா - செல்வா ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லி 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்காவின் வீட்டு வாசலில் குந்தியிருந்தவர்களும் பிக்குகள்தானே. அது கம்போடியாவில் உள்ள அதே தேரவாத பௌத்தம், அதே பாளி நூல்கள். ஆனாலும், அல்லது அதனாலேயே, கம்போடியாவின் ஒரு பிக்குவைப் பற்றியும் அவர் அகதி முகாமுக்குக் கொண்டுபோன ஒரு தியானத்தைப் பற்றியும் இந்த மலரில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் பெயர் மகா கோசானந்தர். கம்போடியாவின் தாக்கேவ் மாகாணத்துப் பிள்ளை. சிறுவயதிலேயே துறவியாகி, பின்னர் இந்தியாவுக்குப் போய் நாலந்தாவில் படித்தவர். ராஜகிருகத்தில் காந்தியின் நண்பரான யப்பானியத் துறவி நிச்சிதாட்சு புஜியிடமும் பழகியவர். 1965இல் தென் தாய்லாந்துக் காட்டு மடம் ஒன்றில் தம்மதாரோ என்ற தியான ஆசிரியரிடம் சேர்ந்தார். அங்கே அவர் இருக்கும்போதுதான் நாட்டில் அமெரிக்கக் குண்டுவீச்சு, உள்நாட்டுப் போர், அதற்குப் பிறகு கெமர் ரூஜ். பெற்றோர், உடன்பிறந்தோர், உறவினர் என்று குடும்பம் முழுவதும் அழிந்தது. ஒவ்வொரு நாளும் அழுததாகவும், அழாதே, கவனத்தை விடாதே என்று குரு சொன்னதாகவும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1978இல் காட்டை விட்டு வெளிக்கிட்டு எல்லையில் இருந்த அகதி முகாம்களுக்கு வந்தார். அடுத்த வருடம் ஒக்டோபரில் தாய்லாந்து அரசு சாக்கேவ் என்ற இடத்தில் ஒரு முகாமைத் திறந்தது. கொஞ்ச நாட்களுக்குள் சுமார் 30,000 பேர் வந்து நிறைந்தார்கள். எலும்பும் தோலுமான சனம். ஆனால் அவர்களில் கணிசமான பேர் கெமர் ரூஜ் போராளிகளும் அவர்களுடைய குடும்பங்களும். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் பறித்தவனும் ஒரே தண்ணீர் வரிசையில் நின்றார்கள். முகாமின் உள் அதிகாரமும் இன்னும் அந்த இயக்கத்தின் கையில்தான்.

அந்த முகாமுக்குள் கோசானந்தரும் பீட்டர் பொண்ட் என்ற கிறிஸ்தவப் போதகரும் சேர்ந்து மூங்கிலால் ஒரு விகாரைக் கொட்டில் போட்டார்கள். அந்தப் பக்கம் போனால் உயிர் தப்பாது என்று இயக்கத்து ஆக்கள் வெருட்டியதாகச் சொல்வார்கள். ஆனாலும் சனம் வந்தது. இருபதினாயிரம் பேர் கூடியதாக நேரில் இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் நீண்ட உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. பகையைப் பகையால் அணைக்க முடியாது என்ற கருத்துள்ள பாளிச் சுலோகம் ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓதினார். பல வருடங்களாகக் காதில் விழாத பாளி ஓசை. சனம் அழுது அழுது கூடவே ஓதியது. முகாம் முகாமாகப் போய் அவர் கையில் கொடுத்த துண்டுத்தாளிலும் வேறொன்றும் இல்லை: மெத்த சுத்தம், அதாவது மைத்திரிச் சூத்திரம்.

இந்த மைத்திரி தியானம் என்பது என்ன? எல்லாரும் நல்லாயிருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நினைப்பதுதானே என்று நானும் எண்ணியிருந்ததுண்டு. அதன் முறையை விரிவாகச் சொல்கிற நூல் விசுத்திமக்கம். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதியது. ஞாணமோலி என்ற ஆங்கிலேயப் பிக்கு செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் வெளிவந்த ஆண்டு 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே வருடம்! எங்களுக்கு அந்த வருடம் எதற்காக நினைவிருக்கிறது, பாருங்கள்.

இந்த நூலைச் சிங்களவரின் சொத்து என்று தள்ளிவிடவும் முடியாது. புத்தகோசர் தாம் காஞ்சிபுரத்திலும் மயூரபட்டினத்திலும் தங்கியிருந்ததைத் தமது உரைகளின் முடிவில் குறிப்பிடுகிறார். அவர் காலத்தையொட்டி வாழ்ந்த புத்ததத்தர் சோழநாட்டுக்காரர். காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து பாளியில் நூல் செய்தவர். விசுத்திமக்கத்துக்கே உரை எழுதியவர் என்று மரபு சொல்கிற தம்மபாலர் தமிழ்நாட்டுக் கரையோர விகாரை ஒன்றில் இருந்தவர். மணிமேகலையை ஐம்பெருங் காப்பியத்தில் ஒன்றாக வைத்திருக்கிற நாங்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லைத்தான்.

அந்த நூல் முதலில் சொல்வது யாரை வைத்துத் தொடங்கக் கூடாது என்பதை. பிடிக்காதவனில் தொடங்காதே, மனம் களைத்துவிடும். பகைவனில் தொடங்காதே, கோபம்தான் வரும். உயிருக்குயிரானவரிலும் தொடங்காதே, அவருக்குச் சின்ன ஒரு துன்பம் என்றாலே உனக்கு அழுகை வந்துவிடும். முதலில் உன்னையே எடு. நான் நலமாக இருக்க வேண்டும், நான் பகையின்றி இருக்க வேண்டும் என்று உன் மனதை நனைத்துக்கொள். பிறகு நீ மதிக்கிற ஆசிரியர். பிறகு நெருங்கிய நண்பர். பிறகு உனக்கு வேண்டியவரும் அல்லாத, வேண்டாதவரும் அல்லாத ஒரு ஆள். பகைவன் எல்லாருக்கும் கடைசியில்தான். அவனிடம் போனதும் கோபம் பொங்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை; திரும்பிப் பழைய ஆளிடம் போய் மனதை இளக்கிக்கொண்டு மறுபடி வா என்கிறது நூல். தப்பி வந்தவர்களுக்கு இதில் மிகக் கஷ்டமான படி முதலாவதுதான் என்று நான் நினைக்கிறேன். மற்றவர்கள் அங்கே கிடக்க நான் மட்டும் நல்லாயிருக்க வேண்டும் என்று நினைக்க எங்களில் எத்தனை பேருக்கு வாய் வரும்?

இன்னொரு விதி என்னை நிறுத்தி வைத்தது. இறந்தவரை இந்தத் தியானத்துக்கு எடுக்கக் கூடாது. இளம் பிக்கு ஒருவர் தன் ஆசிரியரை நினைத்து மைத்திரி பழகினாராம். மனம் ஒன்றவே இல்லை. மூத்த தேரரிடம் போய்க் கேட்டபோது, நீ நினைக்கிற ஆளை முதலில் தேடிப் பார் என்றாராம். தேடிப் போனால் ஆசிரியர் காலமாகிவிட்டார். வேறொருவரை எடுத்த பிறகுதான் தியானம் கைகூடியது. இறந்தவர்களை மறந்துவிடு என்பதல்ல இதன் பொருள். அவர்களுக்குக் கம்போடியரிடம் வேறு வழி உண்டு. எங்கட மாளய காலத்தை ஒட்டி வருகிற பதினைந்து நாள் ப்சும் பென் விழாவில் முன்னோருக்குச் சோறு படைப்பார்கள். மைத்திரி உயிரோடிருக்கிறவர்களுக்கானது. சாக்கேவ் முகாமில் உயிரோடு இருந்தவர்கள் யார் என்பதை நினைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டும்.

கடைசிப் பரீட்சையாக நூல் ஒரு கதை வைக்கிறது. நீ, உன் நண்பன், நடுவானவன், பகைவன் நாலு பேரும் ஒரு இடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளைக்காரர் வந்து பலி கொடுக்க ஒருவனைத் தா என்கிறார்கள். பகைவனைக் காட்டினால் தியானம் தோற்றது. சரி, என்னைக் கொண்டு போங்கள் என்றால்? அப்போதும் தோற்றது! நாலு பேரில் கொடுக்கக்கூடியவன் என்று ஒருவனுமே கண்ணில் படாதபோதுதான் மனதின் எல்லைகள் உடைந்தன என்கிறார் புத்தகோசர். தன்னைப் பலியிடுவதையே மிக உயர்ந்ததாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது இலகுவில் விழுங்கக்கூடிய விடயமில்லை. நானும் இன்னும் மென்றுகொண்டுதான் இருக்கிறேன்.

அப்படியானால் கொலைகாரனை விட்டுவிடுவதா? முகாமிலும் இதே கேள்விதான் எழுந்திருக்கும். கோசானந்தர் செய்ததைப் பார்த்தால் பதில் கொஞ்சம் விளங்கும். 1980 ஜூனில் சாக்கேவிலிருந்து சனத்தைத் திருப்பி அனுப்பும் வேலை நடந்தது. விருப்பத்தின் பேரில் என்று பெயர், ஆனால் உள்ளே கெமர் ரூஜ் தலைவர்களின் நெருக்குதல். கோசானந்தரும் பொண்டும் அதை எதிர்த்தார்கள். போக விரும்பாதவர்களுக்கு விகாரை அடைக்கலமானது. கெமர் ரூஜுக்கும் சேர்த்து மைத்திரி ஓதிய மனிதர் அவர்கள் கேட்ட ஆட்களைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அவரைப் பற்றிப் படித்தவற்றில் இந்த ஒன்றுதான் என்னை அவர் பக்கம் இழுத்தது.

ஆனாலும் என் மனதில் ஒரு குறை உண்டு. பொல் பொட் 1998 ஏப்ரல் 15ஆம் திகதி, அதுவும் புதுவருட நாளில், சர்வதேச நீதிமன்றம் எதையும் காணாமல் இறந்தான். ஐ.நா. உதவியுடனான நீதிமன்றம் 2006இல் வேலை தொடங்கி, முதலாவது தீர்ப்பை 2010இல்தான் சொன்னது. மகா கோசானந்தர் அதற்கு முன்பே, 2007 மார்ச் 12ஆம் திகதி, அமெரிக்காவில் காலமாகிவிட்டார். கடைசி மேன்முறையீடு 2022 செப்டெம்பரில் முடிந்தபோது தண்டனை பெற்றிருந்தவர்கள் மூன்றே மூன்று பேர். தியானத்தைச் சொல்லி நீதியைப் பின்போட யாருக்கும் உரிமையில்லை. அவர் பின்போட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லி, பழையதைக் கிளறாதீர்கள் என்று கதைக்கிற அரசியல்வாதிகள் எந்த நாட்டிலும் இருப்பார்கள்.

பாரிசில் 1991 ஒக்டோபர் 23ஆம் திகதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மார்ச் கடைசியில் எல்லை முகாம்களிலிருந்து சனம் திரும்பத் தொடங்கியது. ஒரு வருடத்துக்குள் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். போகிற ஊரில் கண்ணிவெடி, போகிற ரோட்டில் சண்டை. நாட்டில் இருந்தவர்களுக்கு முகாமிலிருந்து வருகிறவர்கள் மேல் சந்தேகம், வருகிறவர்களுக்கு அவர்கள் மேல் பயம். அந்தப் பயத்துக்குள்தான் 1992 ஏப்ரலில், புதுவருட நேரம், தம்மயாத்திரை தொடங்கியது. எல்லையிலிருந்து நூறு பேரளவில், பெரும்பாலும் அகதிகள், கோசானந்தரின் பின்னால் நொம்பென்னை நோக்கி நடந்தார்கள். அடி எடுத்து வைப்பதே தியானம். ஊருக்கு ஊர் சனம் வாசலில் வாளியில் தண்ணீரும் எரிகிற ஊதுபத்தியும் வைத்துக்கொண்டு காத்து நின்றது. பிக்குகள் அந்தத் தண்ணீரில் ஊதுபத்தியை அணைத்தார்கள், போர் அப்படி அணையட்டும் என்று. தண்ணீரைச் சனத்தின் மேல் தெளித்தார்கள். வழியில் பல வருடமாகக் காணாத உறவினரைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. நொம்பென் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த வருடம் நோர்வேயின் ராப்தோ பரிசு அவருக்குக் கிடைத்தது.

இரண்டாவது நடை 1993 மே மாதம், ஐ.நா. நடத்திய தேர்தலுக்குச் சற்று முன். சியெம் ரீப்பில் புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோதே விகாரை வளவுக்குள் சூடு நடந்தது, சிலர் காயப்பட்டார்கள். சனம் கலையவில்லை, நடந்தது. வழியில் படையினர் துவக்கை நிலத்தில் வைத்துவிட்டு, தங்கள் சன்னம் ஒருவரிலும் படாமல் போகட்டும் என்று ஆசி கேட்டதாக நடந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

1994இல் சண்டை நடக்கிற பகுதிகளுக்குள்ளேயே நடக்கத் துணிந்தார்கள். இரு பக்கத்துச் சூட்டுக்கும் நடுவில் அகப்பட்டு ஒரு பிக்குவும் ஒரு பெண் துறவியும் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் நடை தாய்லாந்து எல்லையில் தொடங்கி, நாட்டின் குறுக்காக, வியட்நாம் எல்லை வரை போனது.