ஈத் தூண்டிலும் நல்லாசிரியனும்

மீன் பிடிக்கக் கற்பிப்பதற்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என நேயர்கள் வினவக்கூடும். ஆங்கில மொழியில் மிகப் பலமுறை அச்சேறிய நூல்களுள் ஒன்று, தூண்டில் பிடித்தறியாத ஒருவனுக்கு அக்கலையைக் கற்பிக்கும் நூலாகும். அதன் வரலாற்றில் ஆசிரியத் தொழிலுக்குரிய பாடம் ஒன்று உண்டு. அதனை இன்று பேச விழைகின்றேன்.

முதலில் ஈத் தூண்டில் யாதெனத் தெளிவோம். நம்மவர் முள்ளில் புழுவையோ இறாலையோ குத்தி எறிவர். ஈத் தூண்டிலில் உயிர் இரை இல்லை. சிறு முள்ளின்மேல் இறகும் கம்பளியும் பட்டு நூலும் சுற்றி, நீரில் வந்து விழும் பூச்சிபோலச் செய்வர். இந்தப் பொய் ஈக்குப் பாரமில்லை, கல்லெறிவதுபோல எறியவியலாது. கோலின் வளைவும் கயிற்றின் பாரமுமே அதனைக் கொண்டுபோய் நீரில் மெல்ல இறக்கவேண்டும். பலங்கொண்டு வீசினால் கயிறு காலடியிலேயே சுருண்டு விழும். பக்கத்தில் நின்று கைபிடித்துக் காட்ட ஒருவர் தேவை. இன்றும் சிறுவரை முதல்நாளே ஆற்றில் இறக்குவதில்லை. புல்வெளியில் நிறுத்தி, முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டொன்றைக் கட்டி வீசப் பழக்குவர். நாம் பிள்ளையின் விரல்பிடித்து அரிசியில் 'அ' எழுதி ஏடு தொடக்குவது போன்றதே இது.

ஆங்கிலத்தில் தூண்டிற் கலைபற்றி அச்சான முதல் நூல் 1496இல் வெளிவந்தது. பன்னிரண்டு பொய் ஈக்களின் செய்முறை அதிலே உண்டு. ஆயினும் அதன் இறுதியில் ஓர் எச்சரிக்கை காணப்படுகிறது. தனிச் சிறுநூலாக வெளியிட்டால் சோம்பித் திரிவோர் கைக்கும் எட்டி மீனினம் அழியுமாம். அதனால் உயர்குடியினர் வாங்கும் பெருநூலோடு சேர்த்து அச்சிட்டார்களாம். மீனைக் காக்கும் எண்ணம் நல்லதே. எனினும் கல்விக்கு வேலியிடுவதைக் காணும்போது, ஆசிரியர் ஆகாதவருக்கு நன்னூலார் காட்டிய மடற்பனை உவமை நினைவுக்கு வருகிறது. கருக்கு மட்டையோடு நிற்கும் பனையில் ஏறிப் பழம் பறிக்க முடியாது. அதுவாக விழுத்தினால்தான் உண்டு.

அந்த வேலியைத் தாண்டியவர் ஐசாக் வோல்ற்றன். 1593இல் பிறந்து லண்டனில் துணி வியாபாரம் செய்தவர். முதல் மனைவி வயிற்றில் பிறந்த பிள்ளைகளில் ஒருவர்தானும் வளர்ந்து ஆளாகவில்லை. 1640இல் அம்மனைவியும் இறந்தார். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649இல் அரசன் தலை துண்டிக்கப்பட்டான். வோல்ற்றன் அரசன் பக்கத்தவர், தோற்ற பக்கத்தவர். அத்தகையவர் 1653இல் வெளியிட்ட நூலில் பழியுமில்லை, பகையுமில்லை. மேமாதக் காலையொன்றில் ஒரு மீன்பிடிப்போனும் ஒரு வழிப்போக்கனும் சந்திக்கிறார்கள். ஒருவர் ஆசானாகிறார், மற்றவர் மாணவராகிறார். நமக்குப் பழக்கமான வினாவிடை முறைதான். சட்டைப் பைக்குள் அடங்கும் சிறுநூல். விலை பதினெட்டுப் பென்ஸ்.

ஆனால் புழுத் தூண்டிலில் வல்லவரான வோல்ற்றனுக்கு ஈத் தூண்டிலில் அத்துணைத் தேர்ச்சி இல்லை. அதனை அவர் மறைக்கவில்லை. தோமஸ் பார்க்கர் என்பவர் தரும் முறைகள் இவை எனப் பெயர் சொல்லியே எழுதினார். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1676இல், எண்பது வயதைக் கடந்த அவர் அதனினும் பெரியதொன்றைச் செய்தார். ஐந்தாம் பதிப்பு வெளிவந்தபோது ஈத் தூண்டிலுக்கென ஒரு தனிப் பாகத்தையே தம்மினும் முப்பத்தேழு வயது இளைய சாள்ஸ் கொற்றன் எழுத இடமளித்தார்.

கொற்றனின் பாகத்தில் ஆசான் மாணவனின் கண்முன்னே ஓர் ஈயைக் கட்டிக் காட்டுகிறார். பின்னர் அவனையும் கட்டச் செய்கிறார். தெளிந்த நீரில் மீன் மனிதனைக் கண்டுவிடும். ஆகவே மெல்லிய கயிற்றோடு எட்டி நின்று வீசு என்கிறார். அந்தப் பாகத்தைக் கொற்றன் 'தந்தையும் நண்பருமான' வோல்ற்றனுக்கே காணிக்கையாக்கினார். டவ் ஆற்றங்கரையில் 1674இல் அவர் கட்டிய மீன்பிடி மனையின் வாயிலில் இருவர் பெயரின் முதலெழுத்துகளும் பின்னிப் பிணைந்துள்ளன.

இங்கே என் வகுப்பறையை நினைத்துக்கொள்கிறேன். மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கு விடை தெரியாதபோது, "அது பரீட்சைக்கு வராது, இரும்" என்று அவனை இருத்தியிருக்கிறேன். 'எனக்குத் தெரியாது, தெரிந்தவர் இன்னார், அவரிடம் போய்க் கேள்' என்று சொல்ல நாவெழவில்லை. அன்று நான் இருத்தியது அவனையல்ல, அவன் கேள்வியை. அப்பிள்ளை மீண்டும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

வோல்ற்றன் 1683இல் தொண்ணூறு வயதில் மறைந்தார். தம் நூலுக்குள்ளே இன்னொருவருக்கு இடம் விட்டதால் அவர் புகழ் குறையவில்லை. இருவர் எழுத்தும் இன்றும் ஒரே நூலாகப் படிக்கப்படுகின்றன.