தூங்கெயிலும் தூக்கமும்

சோழர் குலத்து முன்னோன் ஒருவனைத் தூங்கெயில் எறிந்தவன் என்று சங்கப் புலவர்கள் போற்றினார்கள். கோட்டை எப்படித் தூங்கும் என்று மாணவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். எயில் என்றால் மதில். தூங்கெயில் என்றால் வானத்தில் தொங்கி அசைந்த கோட்டை. பழந்தமிழில் தூங்குதல் என்பது முதலில் தொங்குதல், ஆடுதல். உறங்குவதற்குத் துயில், துஞ்சு என்று வேறு சொற்கள் இருந்தன. துஞ்சுதல் இறப்பையும் குறித்தது: ராஜராஜனின் தந்தை சுந்தர சோழர், கல்வெட்டுகளில் பொன்மாளிகைத் துஞ்சின தேவர்.

அந்தப் பழைய தூங்கலைக் காவிரிக் கரையில் இன்றும் பார்க்கலாம். வரப்போரப் பனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டும். ஆண் குருவி நெற்பயிரின் இலையை மெல்லிய நாராகக் கிழித்து வந்து, ஓலை நுனியில் முடிச்சிட்டுப் பின்னும். வாசல் கீழ்நோக்கிய குழல். காற்றடித்தால் கூடு முழுக்க ஆடும். பெயரிலேயே தூக்கம் இருக்கிறது, உறக்கம் இல்லை. வயலுக்குச் சோறு போகும் தூக்குச்சட்டியும் இந்த வேரில் வந்ததே.

சரி, தொங்கல் எங்கே உறக்கமாயிற்று? தலையில்தான் என்பது என் துணிபு. கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு, இரவெல்லாம் காவல் இருக்கும் விவசாயியைக் கவனியுங்கள். சாக்கில் சாய்ந்து உட்கார்ந்தவருக்குக் கண் சொக்கும். கழுத்து தளரும், மோவாய் நெஞ்சைத் தொடும், திடுக்கென்று நிமிர்வார், மறுபடி தலை தொங்கும். ‘தூங்கி விழறாரு’ என்போம். இந்த அரைமயக்கம்தான் இரண்டு பொருளுக்கும் நடுவே கிடக்கும் பாலம்.

அக்கம்பக்கத்து மொழிகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. கன்னடத்தில் தூகு என்றால் ஆட்டு, நிறு. தூகடிகெ என்றால் உட்கார்ந்தபடி தலையாட்டி உறங்குவது. மலையாளத்தில் தூங்குவது தொங்குவதே. ஆனால் ‘உறக்கம் தூங்குதல்’ என்றால் தலை தொங்கக் கண்ணயர்தல். நாம் இன்னும் ஓரடி போய், படுத்து உறங்குவதற்கே அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் அவ்வளவு தூரம் போகவில்லை. அங்கே மனிதர் நித்திரை கொள்வார், மரத்தில் காய் தூங்கும்.

இடையில் இன்னொரு கிளையும் பிரிந்தது. தொங்கிக் கிடப்பது தாமதம் ஆயிற்று. ஆள்பவனுக்கு வேண்டிய குணங்களில் ஒன்றாக வள்ளுவர் தூங்காமையைச் சொல்வது கண்விழித்திருப்பதை அன்று, காலம் தாழ்த்தாமையை. இதை உறக்கம் என்று படித்தால் குறளின் கூர்மையே போய்விடும்.

பழைய பாட்டில் எதுவாவது தூங்கினால், அது தொங்குகிறதா, ஆடுகிறதா, தாமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.